பெங்களூர்த் தண்ணியும் என் முன்நெற்றியும்

பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் பையனுக்கு ஊரில் சொல்லி அனுப்பும் எச்சரிக்கைகளில் முதலாவது டிராஃபிக் பற்றியது, அடுத்தது தண்ணி பற்றியது. "அங்க போர்வெல் தண்ணிதாண்டா, ஒரே வருஷத்துல தலை சொட்டையாயிடும்" என்று அத்தை சொல்லும், சித்தப்பா சொல்வார், ஓசூரைத் தாண்டியிராத பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். தர்மபுரியிலிருந்து வந்து கக்கதாசபுராவில் இன்னும் மூன்று தமிழ்ப் பையன்களோடு நான் ரூம் எடுத்தபோது எங்கள் எல்லோருக்கும் இது வேதவாக்கு. ஆதாரமும் கண்முன்னே இருந்தது. வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக உப்புப் படிந்து கிடக்கும், சுரண்டினால் செதில் செதிலாக வரும். ஷவரில் பாதித் துளைகள் அடைத்துப் போயிருக்கும். திருநெல்வேலிக்கார நண்பன் ஷவர் ஃபில்டர் வாங்கி மாட்டினான். இன்னொருத்தன் தலைக்கு மட்டும் குடிக்கிற கேன் தண்ணியில் குளித்தான். பெங்களூரில் இது ஒன்றும் அதிசயமில்லை, பல ரூம்களில் நடப்பதுதான்.

எனக்கு நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறத் தொடங்கியது அந்த வீட்டில்தான். அதே குழாய், அதே டேங்கர் தண்ணியில் குளித்த வேலூர்க்காரனுக்குச் சீப்பு இறங்காத அடர்த்தி. பிறகு நான் காவிரித் தண்ணி வரும் வீடு பார்த்து அல்சூருக்கு மாறினேன். துணி நன்றாக வெளுத்தது, பருப்பு சீக்கிரம் வெந்தது, நெற்றி ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

அல்சூரில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். கன்னடக்காரர், நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். நான் தண்ணிக் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரு சின்ன லென்ஸைத் தன் போனில் பொருத்தி, முதலில் என் பின்மண்டையிலும் பிறகு முன்பக்கத்திலும் வைத்துப் படம் எடுத்துக் காட்டினார். பின்மண்டைப் படத்தில் ஒரு துளையிலிருந்து இரண்டு, மூன்று முடிகள், எல்லாம் ஒரே தடிமன். முன்பக்கப் படத்தில் பல துளைகளில் ஒற்றை முடிதான். ஒன்று தடிப்பு, பக்கத்தில் ஒன்று அதில் பாதி, இன்னொன்று குழந்தையின் கையில் இருக்கும் பூனைமுடி அளவுக்கு மெலிசு. "அதே பக்கெட் தண்ணியதானே பின்னாடியும் ஊத்துறீங்க? அங்க ஏன் ஒண்ணும் ஆகல?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் வெளியே தெரியும் முடியின் மேல் படிகின்றன. முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நடுவில் உடையலாம். ஆனால் முடியை உற்பத்தி செய்யும் மயிர்க்கால் தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே நடக்கும் கதை வேறு. ஆணின் உடம்பில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக, சுருக்கமாக டி.எச்.டி.யாக, மாற்றுகிறது. இது டெஸ்டோஸ்டிரோனைவிட வீரியமானது. மயிர்க்காலின் அடியிலுள்ள செல்களில் இதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. பரம்பரையாகவே இந்த ஹார்மோனுக்குக் கூர்மையாக எதிர்வினை காட்டும் மயிர்க்கால்களில், டி.எச்.டி. போய் ஒட்டும்போது வளர்ச்சிக் காலம் குறைகிறது. சாதாரணமாக ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருஷம் வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து, உதிர்ந்து, அதே துளையில் புதிது முளைக்கும். பாதிக்கப்பட்ட மயிர்க்காலில் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வருஷங்கள் சுருங்கும், முடியும் மெலியும். எருப்போடாமல் போகத்துக்குப் போகம் விளைச்சல் குறையும் நிலம் போல, துளை அப்படியே இருக்கும், அதிலிருந்து வருவதுதான் குறைந்துகொண்டே போகும். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியாக நின்றுவிடும்.

தரையில் விழும் முடியை எண்ணிக்கொண்டிருப்பது அதனால்தான் வீண். நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும்தான் விழுகிறது. கவனிக்க வேண்டியது, விழுந்த இடத்தில் அதே தடிமனில் திரும்ப வருகிறதா என்பதை.

தண்ணி மேல் பழி ஏன் இவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால் காரணம் எளிது. இந்த வழுக்கை பூப்புக்குப் பிறகுதான் தொடங்கும், பலருக்கு இருபதுகளில் கண்ணில் படும். நாம் ஊரைவிட்டு வேலைக்குக் கிளம்புவதும் சரியாக அந்த வயதில்தான். பெங்களூர் வந்தவன் போர்வெல்லைத் திட்டுவான், சென்னை போனவன் உப்புத் தண்ணியைத் திட்டுவான், துபாய் போனவன் கடல் தண்ணியைச் சுத்திகரித்துத் தருகிறார்கள், அதுதான் காரணம் என்பான். ஊரிலேயே இருந்து சொட்டையானவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

எங்கள் ஷவர் ஃபில்டருக்கு ஒரு வெற்றிக் கதையும் உண்டு. திருநெல்வேலி நண்பனுக்கு மழைக்காலத்தில் டெங்கு வந்தது. குணமாகி இரண்டு, மூன்று மாதம் கழித்துத் தலையில் கை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. பயந்துபோய் ஃபில்டரில் புது கார்ட்ரிட்ஜ் போட்டான். அடுத்த சில மாதங்களில் முடி முழுக்கத் திரும்பிவிட்டது. இன்றைக்கும் ஃபில்டரால்தான் என்று சாதிக்கிறான். உண்மையில் அது காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வு. டைஃபாய்டு, டெங்கு, கோவிட், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட் எதற்குப் பிறகும் வரலாம். ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து உதிரும், பெரும்பாலும் தானாகவே மீளும். தலை முழுக்கப் பரவலாக உதிர்ந்தால் அதை நினையுங்கள். நெற்றி ஓரமும் உச்சியும் மட்டும் இளைத்து, காதுக்கு மேலேயும் பிடரியிலும் அடர்த்தி அப்படியே இருந்தால் அது ஹார்மோன் வழி.

ஹார்மோன் என்றதும் ஆபீஸில் ஒரு ஜோக் ஓடும். சொட்டை விழுந்தவனுக்கு ஆண்மை ஜாஸ்தி மச்சான் என்று. ஆறுதலுக்குச் சொல்வது, தப்பில்லை. ஆனால் வழுக்கை விழுந்தவர்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மற்றவர்களைவிடப் பொதுவாக அதிகமாக இருப்பதில்லை. என் அளவும் நடுவாந்தரமாகத்தான் வந்தது. அந்தப் பரிசோதனையே எனக்குத் தேவையில்லை என்றார் டாக்டர், ஆசைக்கு நான்தான் எடுத்துக்கொண்டேன். வித்தியாசம் ஹார்மோனின் அளவில் இல்லை, அதற்கு மயிர்க்கால் எவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது என்பதில் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், தலையில் முடியைச் சுருக்கும் அதே ஆண் ஹார்மோன்தான் தாடியையும் மார்பு முடியையும் வளர்க்கிறது. எனக்குத் தலையில் போனதெல்லாம் தாடியில் வந்து சேர்ந்தது போலிருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. காயடிக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஹிப்போக்ரட்டீஸ் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் அதை ஆராய்ந்து எழுதினார். பூப்பெய்தும் முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை இல்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது எல்லோருக்கும் முடி போகவில்லை, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கே போனது. நிறுத்தியதும் மேற்கொண்டு போவது நின்றது, போனது திரும்பவில்லை. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது. அடுத்த துப்பு 1974-இல், டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமப்பகுதியிலிருந்து வந்தது. ஜூலியான் இம்பராட்டோ-மக்கின்லியும் அவரது குழுவினரும் அங்கே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களைப் பற்றி எழுதினார்கள். குழந்தையில் பெண் என்று வளர்க்கப்பட்டு, பூப்பின்போது ஆணாக மாறியவர்கள். வளர்ந்தபின் டெஸ்டோஸ்டிரோன் இயல்பு, டி.எச்.டி. குறைவு, சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள புராஸ்டேட் சுரப்பி சிறியது, முன்நெற்றி ஏறவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து என்ற யோசனை அங்கிருந்து சூடு பிடித்தது. அப்படி வந்த ஃபினாஸ்டிரைடு 1992-இல் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997-இல் ஆண் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் அனுமதி பெற்றது.

பரம்பரை என்றால் தாய்மாமன் தலையைப் பார் என்பது நம் பக்கத்துப் பேச்சு. அதில் பாதி உண்மை உண்டு. ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது மகனுக்கு அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன, அவை அப்பா வழியிலும் வரும். என் தாய்மாமனுக்கு அறுபதிலும் நெற்றி ஏறவில்லை. எனக்கு வந்திருப்பது அப்பாவின் தலை.

டாக்டர் எனக்குக் கொடுத்தது இரண்டு. தலையில் தடவ மினாக்சிடில் 5 சதவீதம், தினம் ஒரு ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம். மினாக்சிடில் ஹார்மோனைத் தொடுவதே இல்லை. அது ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்து தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள், 1988-இல் அனுமதி. டி.எச்.டி. தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்க, இது மயிர்க்காலை வளர்ச்சிப் பக்கம் தள்ளிவிடுகிறது. முதல் சில வாரங்களில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும். பழைய ஓய்வு முடிகள் புதுசுக்கு வழிவிடுவதுதான் அது. எனக்குத் தெரிந்து பாதிப்பேர் இந்த இடத்தில் பயந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை, மினாக்சிடில் பூனைக்கு விஷம். தடவிய தலையோடு அதைக் கொஞ்சவோ, தலையணையில் படுக்கவிடவோ கூடாது.

ஃபினாஸ்டிரைடு ரத்தத்தில் டி.எச்.டி.யை சுமார் 70 சதவீதம் குறைக்கிறது. மாத்திரை வந்த காலத்து ஆய்வுகளில், உச்சி வழுக்கை தொடங்கியவர்களில் இரண்டு வருஷ முடிவில் முடி எண்ணிக்கை குறையாமல் நின்றவர்கள் 83 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதம். இது இருப்பதைக் காப்பாற்றுகிற மருந்து. கொஞ்சம் திரும்பினால் லாபம். பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் இதனால் ஒன்றும் முளைக்காது. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், ஒரு வருஷம் கூட ஆகலாம். நிறுத்தினால் காப்பாற்றியதும் ஒரு வருஷத்துக்குள் போய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மாத்திரை எழுதித் தருகிற எல்லோரும் சொல்வதில்லை.

இனி எல்லோரும் தனியாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கும் விஷயம். அதே ஆய்வுகளில் ஆசைக் குறைவு, விறைப்புத் தளர்ச்சி போன்றவற்றைச் சொன்னவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களில் 2.1 சதவீதம். பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியானது. ஆனால் நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அமெரிக்காவில் 2012-இல் அதை மருந்தின் லேபிளிலேயே சேர்த்தார்கள். தற்கொலை எண்ணத்தை இதன் பக்க விளைவாக ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025-இல் உறுதி செய்தது. மறுபக்கம், 2007-இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில் ஃபினாஸ்டிரைடு 5 மில்லிகிராம் கொடுத்த புராஸ்டேட் நோயாளிகளில், பாலியல் பக்க விளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேருக்கு அது வந்தது, சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். பயத்துக்கும் பங்கு உண்டு. அதற்காக எல்லாமே மனப்பிரமை என்று ஒதுக்குகிற டாக்டரிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

எனக்கு முதல் மாதம் ராத்திரியெல்லாம் போனில் இதையே படித்துக்கொண்டிருந்ததில் தூக்கம்தான் போனது. டாக்டர் சொன்ன வழி உதவியது. மாத்திரை தொடங்கும் முன்பே மனநிலை, தூக்கம், ஆசை எப்படி இருக்கிறது என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். பிறகு மாற்றம் தெரிந்தால் ஒப்பிட அது இருக்கும், மாறினால் நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுப்பவர்கள் அதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிரச்சினை வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்கு முயன்றபோது விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்ததால் சில மாதம் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். சிலருக்கு இந்த மாத்திரையால் எண்ணிக்கை குறைவதும், நிறுத்தினால் மீள்வதும் உண்டு. மகள் பிறந்தபின் மறுபடி தொடங்கினேன். இடைவெளியில் உச்சி கொஞ்சம் இளைத்தது. அந்தப் பேரத்தில் எனக்கு வருத்தமில்லை.

இந்திராநகரில் ஒரு ஹேர் கிளினிக்குக்கு ஆபீஸ் நண்பனுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். டாக்டர் என்று எந்த முகமும் கண்ணில் படுவதற்கு முன்னே ஒரு கவுன்சிலர் பெண் டேப்லெட்டில் பேக்கேஜ் காட்டினார். "இன்னைக்கே புக் பண்ணா டிஸ்கவுண்ட் சார்." நண்பனுக்கு அப்போது 24 வயது. நெற்றி ஓரம் மட்டும்தான் போயிருந்தது. நடவு செய்துகொண்டான். பிடரியிலிருந்து எடுத்து முன்னால் நடும் முடி தன் பிடரிக் குணத்தோடே இருக்கும், டி.எச்.டி.க்கு மசியாது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதியது இது, முடிநடவுத் தொழில் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் நட்டதற்குப் பின்னாலிருக்கும் சொந்த முடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாத்திரையைப் பற்றி அவனிடம் யாரும் பேசவில்லை. இன்று முன்னால் ஒரு வரிசை அடர்த்தியாக நிற்கிறது, அதன் பின்னால் வெட்டவெளி. அதை நிரப்ப பிடரியில் மிச்சமிருப்பதும் கொஞ்சம்தான். இருபதுகளின் தொடக்கத்திலேயே நடவுக்கு அவசரப்படுத்துகிற இடம் எதுவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, சின்ன வெங்காயச் சாறு எல்லாம் அம்மா கையால் தலைக்கு வந்திருக்கின்றன. முடி மினுமினுக்கும், மண்டை குளிரும், மயிர்க்காலில் டி.எச்.டி. செய்வதை அவை தடுத்ததாகத் தெரியவில்லை. மொட்டையும் அப்படித்தான். பழனியில் இறக்கிவிட்டு வந்தால் முளைக்கும் முனை மழுங்கலாக இருப்பதால் தடிப்பாகத் தோன்றும், துளைகளின் எண்ணிக்கையும் முடியின் தடிமனும் அதேதான். ஹெல்மெட் காரணமில்லை, வியர்வை காரணமில்லை, சுய இன்பமும் காரணமில்லை. முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தைராய்டு, மாரடைப்புக்கான டிரோப்போனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டவைக்கும். லேபில் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கக் கண்ணாடியை நம்பாதீர்கள், அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லும். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில், முடியை நனைத்துச் சீவி, நெற்றியும் உச்சியும் படம் எடுத்து வையுங்கள். அல்சூரில் எனக்கு முடி வெட்டும் சேலத்து அண்ணன் இந்தப் படங்களைவிடக் கறாரானவர். "தம்பி, உச்சியில போன தடவைக்கு இப்ப கத்திரி கொஞ்சம் நிக்குது" என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பினேன்.

ஒருமுறை ஊருக்குப் போனபோது அப்பாவின் மாத்திரை டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தேன். புராஸ்டேட்டுக்கு அவருக்கு எழுதியிருந்தது ஃபினாஸ்டிரைடு 5 மில்லிகிராம். என்னுடையதையும் காட்டினேன். "உனக்கு இத்துனூண்டு, எனக்கு இத்தாம்பெரிசா? அப்ப எனக்கு முடி வரணுமேடா" என்று தலையைத் தடவிக்கொண்டார். வராதுப்பா, லேட்டாயிடுச்சு என்றேன். அப்பாவுக்கு, புராஸ்டேட் புற்றுநோய் அறிகுறி பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்த லேபிலோ டாக்டரிடமோ இந்த மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. இது பி.எஸ்.ஏ. அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும், புற்றுநோய் அறிகுறி அதில் மறைந்துபோகலாம். மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொல்லிக் குறிக்க வைத்தோம். விலை குறைவு என்று இந்த 5 மில்லிகிராமை வாங்கி பிளேடால் நாலாக நறுக்கிச் சாப்பிடும் பையன்களும் பெங்களூரில் இருக்கிறார்கள். மாசமாக இருக்கும் பெண் வீட்டில் இருந்தால் அந்தத் தூளை அவர் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சி கெடலாம். உடைக்காத மாத்திரைக்கு மேலே பூச்சு உண்டு, அதைத் தொடுவதில் அந்தப் பயமில்லை. ரத்ததானம் செய்யப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும், நிறுத்தி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள்.